இரவு டூட்டியில் தேறும் கருவி

(மல்லாங்கிணற்றில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நோயாளிப் பராமரிப்பில் பொறியியலின் பங்கு என்று சொற்பொழிவின் தலைப்பைப் பார்த்ததும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ரோபோ அறுவை என்று படம் படமாகக் காட்டுவேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நான் துணியிலிருந்து தொடங்குகிறேன். அதுவும் நம் விருதுநகர் மாவட்டத்துத் துணி.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. வீதிக்கு வீதி விசைத்தறிச் சத்தம். ஆனால் அங்கே ஓடுவது சேலைத் தறி கிடையாது. புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி, அறுவை அரங்கில் ரத்தம் ஒற்றுகிற காஸ் துணி, இவைதான் அந்த ஊரின் பிழைப்பு. நாட்டின் பல மூலைகளில் இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கு அங்கிருந்து துணி போகிறது. அருப்புக்கோட்டையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கே இது தெரியாது.

காஸ் துணியை அற்பமாக நினைக்காதீர்கள். செடியிலிருந்து பறித்த பருத்தியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். பஞ்சின் மேல் இயற்கையாகவே மெழுகு படிந்திருக்கிறது. அது தண்ணீரை ஒட்டவிடாது. ரத்தத்தையும் ஒட்டவிடாது. அதனால் நெய்த துணியைக் காரம் போட்டு வேகவைத்து, மெழுகையும் கஞ்சிப் பசையையும் எடுத்து, வெளுத்து, திரும்பத் திரும்ப அலசுகிறார்கள். ஒழுங்காகச் செய்தார்களா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: துணியை மடித்துத் தண்ணீர்ப் பரப்பில் விடுங்கள், 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். மூழ்காத துணி ரத்தத்தை ஒற்றாது, பரப்பிவிடும். அறுவை நடக்கும் இடம் டாக்டருக்குத் தெரியாது.

இதே துணியைப் பல மடிப்பாகத் தைத்து, ஓரத்தில் நாடா வைத்து, மாப் என்று செய்கிறார்கள். வயிற்றைத் திறந்து செய்கிற அறுவையில் இது பத்து, இருபது என்று உள்ளே போய் வரும். ரத்தத்தில் ஊறிய மாப் குடலோடு குடலாகக் கலந்துவிட்டால் கண்ணுக்குப் பிடிபடாது. அதற்காக ஒவ்வொரு மாப்பிலும் பேரியம் சல்பேட் கலந்த இழை ஒன்றைச் சேர்க்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்தால் அந்த இழை வெள்ளைக் கோடாகத் தெரியும். பொறியியல் செய்த உதவி அது. ஆனால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எண்ணிக்கை இடிக்கும்போதுதான் தோன்றும். எண்ணுகிறவர் நர்ஸ்.

தொடங்கும் முன் ஓர் எண்ணிக்கை. வயிற்றை மூடும் முன் ஓர் எண்ணிக்கை. தோலைத் தைக்கும் முன் இன்னோர் எண்ணிக்கை. கை கழுவி நிற்கிற நர்சும், வெளியே நடமாடுகிற நர்சும் சேர்ந்து, வாய்விட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண வேண்டும். மனதுக்குள் எண்ணக் கூடாது. கட்டாக எண்ணக் கூடாது. 'ஒன்று குறைகிறது டாக்டர்' என்று சொல்ல வேண்டிய நேரத்தில் டாக்டர் களைத்திருப்பார், மயக்க மருந்துக்காரர் அவசரப்படுவார், அடுத்த நோயாளி வாசலில் தள்ளுவண்டியில் படுத்திருப்பார். அப்போதும் சொல்ல வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நெஞ்சுரத்துக்கும் ஒரு கருவி வந்தது. ஒரே பக்கத் தாள். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் நோயாளி அரங்கை விட்டுப் போகும் முன் கருவி, பஞ்சு, ஊசி எண்ணிக்கை சரி என்று நர்ஸ் உரக்கச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சொல்வது அவருடைய துணிச்சலைப் பொறுத்த விஷயமாக இல்லாமல் நடைமுறையாகிவிட்டது. எட்டு ஊர்களில், டெல்லியும் அதில் ஒன்று, இந்தத் தாளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் அறிக்கை வந்தது. மின்சாரம் தேவைப்படாத தொழில்நுட்பம்.

இதைத்தான் இன்று கொஞ்சம் விரித்துப் பேச வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கருவி எதுவும் தொழிற்சாலையில் முழுமை அடைவதில்லை. பாதி அங்கே ஆகிறது. மீதிப் பாதி வார்டில், நர்சின் கையில் ஆகிறது. வாங்கும்போது ஏசி அறையில் விற்பனைப் பிரதிநிதி இயக்கிக் காட்டுவார். எல்லாம் பிரமாதமாக ஓடும். உண்மையான பரீட்சை ராத்திரி இரண்டு மணிக்கு. நாற்பது நோயாளிக்கு ஒரு நர்ஸ், கூட ஒரு ஆயா, மின்தடை வந்து ஜெனரேட்டர் ஏறுகிற நேரம். அப்போது இந்தக் கருவி அவளுக்கு நேரத்தைக் கொடுக்கிறதா, இருக்கிற நேரத்தையும் தின்கிறதா? என் கணக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

டிரிப்பை எடுத்துக்கொள்வோம். 500 மில்லி குளுக்கோஸ் நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். மில்லிக்கு 20 சொட்டு விழுகிற குழாய் என்றால், நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. இடது கையில் கடிகாரம், வலது கை உருளையில், கண் சொட்டில். சரியாக வைத்துவிட்டு நாலு கட்டில் தள்ளிப் போவதற்குள் நோயாளி கையை மடக்குவார், சொட்டு நிற்கும், நிமிர்த்துவார், ஓடும். பெரியவர்களுக்கு அது பெரிய கேடு செய்யாமல் போகலாம். பச்சைக் குழந்தைக்கும், இதயம் பலவீனமானவருக்கும், ரத்த அழுத்த மருந்து ஏறுகிறவருக்கும் உயிர் விஷயம். இன்ஃப்யூஷன் பம்ப்பும் சிரிஞ்ச் பம்ப்பும் இந்த இடத்தில்தான் வந்து கைகொடுத்தன. எண்ணை அழுத்தினால் போதும், மணிக்கு இத்தனை மில்லி என்று தள்ளும். நர்சின் கண்ணுக்கும் கடிகாரத்துக்கும் கிடைத்த விடுதலை அது.

ஆனால் ஒரே வார்டில் மூன்று கம்பெனிப் பம்ப் இருக்கும். ஒன்றில் பச்சைப் பொத்தான் தொடங்கும். இன்னொன்றில் அதே இடத்தில் இருக்கிற பொத்தான் நிறுத்தும். டெண்டரில் விலை குறைத்தவருக்கே கொடுப்பதால் ஆண்டுக்கு ஆண்டு கம்பெனி மாறுகிற வினை. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனித விரல் பழகிய இடத்துக்குத்தான் போகும். இந்தப் பம்ப்புகளை வடிவமைத்தவர் ஒரு ராத்திரியாவது நர்சுகளான எங்களோடு உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அலாரமும் அப்படித்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்று கேளுங்கள். கோயில் திருவிழா மாதிரி ஒரே சத்தம். அந்த அலாரங்களில் 72 முதல் 99 விழுக்காடு வரை வெற்றுச் சத்தம் என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. ஒட்டிய பட்டை வியர்வையில் கழன்றால் சத்தம், நோயாளி புரண்டால் சத்தம். பொய்ச்சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போகும். கடைசியில் மெய்யாகவே ஒருவர் மூச்சு நிற்கும்போது அதே ஒலிதான் வரும். கூடுதல் எச்சரிக்கை கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது, எச்சரிக்கையையே மதிப்பில்லாமல் ஆக்கிவிட்டது.

சரி, குறை சொன்னது போதும். நன்றாக நடந்த ஒரு கதை நம் கரிசல் காட்டிலேயே இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரம். மானாவாரி விவசாயக் குடும்பம். அங்கே 1918-இல் பிறந்தவர் கோவிந்தப்ப வேங்கடசாமி. டாக்டருக்குப் படித்தார், ராணுவத்தில் பணிபுரிந்தார், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். முப்பது வயதை ஒட்டிக் கடுமையான மூட்டுவாதம் தாக்கியது. விரல்கள் கோணி முறுக்கிக்கொண்டன. பேனா பிடிக்கவே சிரமம். மகப்பேறு கைவிட்டுப் போயிற்று. கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரலுக்கு ஏற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, அந்தக் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். கையைக் கருவிக்குப் பழக்க வழியில்லாத ஒருவர், கருவியைக் கைக்குப் பழக்கினார். பின்னால் அவர் கட்டியது எல்லாவற்றிலும் இந்தப் பாடத்தின் ரேகை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். குடும்பத்து நகைகளை அடகுவைத்துக் கட்டிய இடம் அது. நம் ஊரிலிருந்து அங்கே கண்புரைக்குப் போகாத வீடு குறைவு. இலவச முகாமில் பெயர் கொடுத்து, பஸ்சில் ஏறி, மறுநாள் பச்சைத்துணி கட்டி வந்த அப்பத்தாக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள்.

அந்த அப்பத்தாக்களில் மூத்தவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். அப்போதெல்லாம் புரையை எடுத்துவிட்டுத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணுக்குள் இருந்த வில்லையை எடுத்தாகிவிட்டது. அதற்கு ஈடாக வெளியே 10 டயாப்டர் அளவில் கண்ணாடி. உருவம் பெருத்துத் தெரியும், பக்கவாட்டில் தெரியாது, வாசற்படி இருக்கிற இடத்தில் இருக்காது. உடைந்தாலோ மறுபடி குருடு. கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை வைக்கும் முறையை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-லேயே செய்து காட்டிவிட்டார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூரைப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டு சும்மா இருந்ததைப் பார்த்து வந்த யோசனை. ஆனால் நாற்பது ஆண்டு கழித்தும் அந்த வில்லை ஒன்றின் விலை 100 டாலருக்கு மேல். கடலைக்காட்டுக் கூலிக்கு அது எட்டுமா?

1992-இல் அரவிந்த் தானே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, வில்லையைச் சுமார் 10 டாலருக்குக் கொண்டுவந்தது. பிறகு இன்னும் குறைந்தது. சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் இருக்கிற அந்தத் தொழிற்சாலையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு வில்லை போகிறது. நம் பகுதி மாதிரியான கிராமங்களிலிருந்து வந்த பெண்கள், மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்துத் தூசியும் கீறலும் பார்த்து ஒதுக்குகிறார்கள். அவர்கள் கண்ணைத் தாண்டித்தான் அந்த வில்லை இன்னொருவர் கண்ணுக்குப் போகிறது.

இது வரை உலகத்துக்கே தெரிந்த கதை. நர்சுகளின் பங்கைப் பற்றி இந்த அளவுக்குப் பேசுவதில்லை. வில்லையின் விலை குறைந்தால் மட்டும் அறுவை பெருகிவிடாது. டாக்டரின் நேரத்தை என்ன செய்வது? அரவிந்தில் கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சேர்த்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள். இந்தப் பயிற்சியை உருவாக்கி வளர்த்ததில் வேங்கடசாமியின் தங்கை டாக்டர் நாச்சியாரின் பங்கு பெரிது. பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, வைக்க வேண்டிய வில்லையின் அளவைக் கணக்கிடுவது, பயந்தவரை உட்காரவைத்துப் பேசுவது, அறுவையில் கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அரங்கில் இரண்டு மேசை பக்கத்தில் பக்கத்தில். ஒரு மேசையில் டாக்டர் அறுவை செய்யும்போதே அடுத்த மேசையில் அடுத்தவருக்குக் கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவித் தட்டை விரித்துத் தயாராக வைத்திருப்பார்கள். டாக்டர் முடித்ததும் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணைப் பார்ப்பார். இப்படி அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2000 அறுவை செய்கிறார். வேறு இடங்களில் சில நூறு செய்வதே வழக்கம்.

வேகம் என்றதும் எல்லோருக்கும் வருகிற சந்தேகம், சீழ் பிடிக்காதா என்பது. நியாயமான சந்தேகம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவேட்டை எடுத்துப் பார்த்து அவர்களே வெளியிட்டார்கள்: அறுவை முடியும்போது கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் மருந்து செலுத்தத் தொடங்கிய பிறகு, கண்ணுக்குள் சீழ் பிடிப்பது 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 ஆகக் குறைந்தது. பத்தாயிரத்தில் ஏழு, இரண்டு ஆயிற்று. ஆறு லட்சம் பேரின் கணக்கை எடுக்க முடிந்தது எப்படி? ஒவ்வொரு நாளும் யாரோ ஒரு பெண் கேஸ் ஷீட்டை ஒழுங்காக எழுதியிருக்கிறாள்.

தேனியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு உபயோகப்படும். 2000-களின் நடுவில், தேனி அரவிந்த் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு வீடியோவில் இணைக்க வேண்டியிருந்தது. இணையம் சரியாக இல்லாத காலம். பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் ப்ரூவர் என்ற பேராசிரியரின் குழு வந்து, வீட்டில் வைக்கிற சாதாரண வைஃபை கருவியின் மென்பொருளை மாற்றி எழுதி, கோபுரத்தில் ஆன்டெனா கட்டி, கிலோமீட்டர் கணக்கில் தூரத்தை எட்டவைத்தது. ஊரில் இருக்கிற பெண் கண்ணைச் சோதித்துக் காட்டுவாள், டாக்டர் தேனியிலிருந்தே பார்த்துச் சொல்வார். சரி, வைத்தாயிற்று. பிறகு கருவிகள் ஒவ்வொன்றாகக் கருகத் தொடங்கின. காரணம் தேடினால் நம் ஊர்க் கரண்ட்! வோல்டேஜ் 70-க்குக் கீழே படுக்கிறது, 350-க்கு மேலே ஏறுகிறது, நடுநடுவே 1000 வோல்ட் வரை துள்ளுகிறது என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கடைசியாகக் கண்டுகொண்டது இரண்டு. நல்ல மின்சாரத்துக்கு வழி செய்யாமல் நல்ல கருவி வைக்காதே. பழுதைப் பார்க்க அங்கேயே இருக்கிற ஆளைப் பழக்காமல் ஊருக்குத் திரும்பாதே.

நர்சுகள் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும்தானா என்றால், இல்லை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நீல விளக்கில் வைப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கண்டறிந்ததில் முதல் கண் ஒரு நர்சுடையது. இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற சிஸ்டர், குறைமாதக் குழந்தைகளை நல்ல வெயில் நாளில் முற்றத்துக்குக் கொண்டுபோவார். காற்றும் வெளிச்சமும் நல்லது என்பது அவர் எண்ணம். 1956-இல் ஒரு குழந்தையைத் தூக்கிவந்து டாக்டரிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது; துணியின் முனை மூடியிருந்த முக்கோண இடத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்தது. நம் பாட்டிகளும் காலை இளவெயிலில் பிள்ளையைக் காட்டியவர்கள்தான். அந்த முக்கோணத்தைக் கவனித்து, கொண்டுபோய்க் காட்டியதுதான் வித்தியாசம். 1958-இல் அந்த மருத்துவமனைக்காரர்கள் விளக்கு வைத்துச் செய்து லான்செட் இதழில் எழுதினார்கள்.

அந்த விளக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய டியூப் விளக்குகள் நாளாக நாளாக வீரியம் இழக்கும், ஆனால் கண்ணுக்கு நீலமாகவே எரியும். நர்ஸ் குழந்தையைப் புரட்டிப்போட்டு, கண்ணைக் கட்டி, பால் கொடுத்து எல்லாம் செய்தும் மஞ்சள் இறங்காது. சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ், டி-ரெவ் என்ற அமெரிக்க அமைப்போடு சேர்ந்து, 2012-இல் 'பிரில்லியன்ஸ்' என்ற எல்.இ.டி. விளக்கைக் கொண்டுவந்தது. நீண்ட நாள் உழைக்கும், சூடு குறைவு, கரண்டும் குறைவாகப் பிடிக்கும். நம் ஊர் மாதிரி இடங்களை மனதில் வைத்துச் செய்த கருவி.

கொரோனா வந்தபோது வீட்டுக்கு வீடு விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் வந்தது. 1974-இல் ஜப்பானில் தகுவோ அவொயாகி என்ற பொறியாளர் கண்ட வழி அது. விரலில் ஒளி பாய்ச்சி, நாடி துடிக்கும்போது எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறது என்று பார்த்து, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று சொல்கிறது. ஊசி இல்லை, ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு வெளியே மக்கள் கையில் இவ்வளவு சீக்கிரம் பரவிய கருவி வேறு இருக்குமா தெரியாது. அவர் 2020 ஏப்ரலில், அந்தக் கருவியை உலகம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. கருவி 92-க்கு மேல் காட்டியும் உண்மையில் பிராணவாயு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தவர்கள், வெள்ளைத் தோல் நோயாளிகளைவிடக் கறுப்புத் தோல் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு. தோலின் கருமை ஒளியைக் குழப்புகிறது. கரிசல் வெயிலில் கறுத்தவர்கள் நாம். நர்சிங் மாணவிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எண் 95 என்று காட்டினாலும் நோயாளி பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால், மூச்சைத்தான் நம்ப வேண்டும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குகிற பழக்கம் வேண்டாம்.

இனி ஆஸ்பத்திரிக்கு வெளியே வருவோம். இந்த ஊரில் பலருக்கு மருத்துவத் துறை என்றால் முதலில் தெரிகிற முகம் கிராம சுகாதார நர்சின் முகம். தடுப்பூசி நாளில் அவர் தோளில் தொங்குகிற பெட்டி பெரிய பொறியியல் சங்கிலியின் கடைசிக் கண்ணி. தொழிற்சாலை தொடங்கி அங்கன்வாடி வரை தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற குளிர்பெட்டியின் சுவருக்குள் பனிக்கட்டி உறைந்திருக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இருந்தாலே அது குளிரைக் காப்பாற்றிவிடும். நமக்கென்றே யோசித்த மாதிரி இல்லையா? ஆனாலும் வழியில் எங்காவது வெயில் பட்டிருந்தால் எப்படித் தெரியும்? மருந்துக் குப்பியில் சின்ன வட்டம், அதற்குள் சதுரம். சூடு படப்பட, சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் போடக்கூடாது. 1996-இல் போலியோ சொட்டு மருந்தோடு அறிமுகமான அடையாளம். பேட்டரி இல்லை, திரை இல்லை. வேப்பமரத்தடியில் குனிந்து பார்த்து ஒரு விநாடியில் முடிவெடுக்கலாம். நர்சுக்கு நேரம் கொடுக்கிற கருவி என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதே நர்சின் கையில் இன்னொரு கருவியும் இருக்கிறது. கர்ப்பிணிகளின் விவரத்தை ஏற்றுகிற பிக்மி மென்பொருள். அதன் பயனை மறுக்க மாட்டேன். ரத்தசோகை உள்ள பெண் யார், இரட்டைக் குழந்தை யாருக்கு, பிரசவ நாள் யாருக்கு நெருங்குகிறது என்று உட்கார்ந்த இடத்தில் தெரிகிறது. ஆனால் நோட்டில் எழுதியதையே கணினியிலும் ஏற்றி, கணினியில் ஏற்றியதையே வேறொரு செயலியிலும் ஏற்றுவது என்கிற சுமை பற்றி அந்தப் பெண்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். வீட்டுக்கு வருகிற நர்ஸ் கர்ப்பிணியின் காலைத் தொட்டு வீக்கம் பார்க்கிற நேரத்தைவிட, குனிந்து போனைப் பார்க்கிற நேரம் அதிகம் என்றால், அந்த மென்பொருள் என் பரீட்சையில் தேறாது. ஒருமுறை எழுதியது எல்லா இடத்துக்கும் தானே போய்ச் சேர வழி செய்வது இன்றைய பொறியாளருக்குப் பெரிய காரியமே இல்லை. செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரைச் சொல்லாமல் நர்சிங் கூட்டம் முடியாது என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். விளக்கேந்திய சீமாட்டி என்று படம் போட்டு அவரை அடக்கிவிட்டார்கள். அவர் புள்ளிவிவரக்காரர், வடிகாலும் குடிநீரும் காற்றோட்டமும் நர்சிங்கின் பகுதி என்று வாதாடியவர். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் 1874-இல் இந்தியாவில் பாசனத்தால் பிழைக்கிறவர்கள், பாசனமில்லாமல் சாகிறவர்கள் பற்றித் தனியாகவே எழுதினார். கால்வாய் வெட்டுவதை நோயாளிப் பராமரிப்பின் கணக்கில் சேர்த்தவர். கண்மாய் வறண்டால் முதலில் எங்கே கூட்டம் கூடும் என்று நம் ஊர் ஆஸ்பத்திரி ஆயாவுக்கும் தெரியும்.

மருத்துவக் கருவி என்று யோசிக்கிறவர்கள் எல்லோரும் நோயாளியின் உடம்பை யோசிக்கிறார்கள். நர்சின் உடம்பை யோசிப்பவர் குறைவு. அறுபது எழுபது கிலோ மனிதரைத் தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற நம் வார்டுகளில் இன்றைக்கும் என்ன கருவி? போர்வை. நாலு பேர் நாலு முனையைப் பிடித்து, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொல்லித் தூக்குவது. நாலு பேர் இல்லாத ராத்திரியில் இரண்டு பேர். நாற்பது வயதில் இடுப்புப் பட்டை கட்டாத நர்ஸ் யார் என்று இங்கே இருக்கிற மூத்த சிஸ்டர்களைக் கேளுங்கள். வழுக்கும் விரிப்பு என்று ஒன்று இருக்கிறது. நைலான் மாதிரி வழவழப்பான துணி, நோயாளிக்கு அடியில் விட்டால் தூக்காமலே நகர்த்தலாம். நம் மாவட்டத்துத் தறியில் நெய்ய முடியாத பொருளா அது? கட்டிலை உயர்த்தி இறக்கும் கைப்பிடி உடைந்து வருஷக்கணக்கில் கிடக்கிறதே, அதை வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் அரை நாள் வேலை. ஸ்கேன் மிஷின் பழுதானால் போன் பறக்கிறது. கட்டில் பழுதானால் யாருக்கும் உறைப்பதில்லை.

வீட்டுக்குள் இந்தச் சுமை இன்னும் கூடுதல். பக்கவாதம் வந்து படுத்தவர்கள் இந்த ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. இயன்முறை மருத்துவர் வருகிறார். வலித்தணிப்பு நர்ஸ் வருகிறார். நல்ல காரியம். ஆனால் இவர்கள் வந்து போன பிறகு மீதி நேரம் பராமரிப்பது யார்? மருமகள், மகள், சில வீட்டில் தானே தள்ளாடுகிற மனைவி. அவர்களுக்கும் கருவி வேண்டும். காற்று மெத்தை வாங்கிப் போடுகிறார்கள். வரிசை வரிசையான காற்றுக் குழாய்கள், ஒன்றுவிட்டு ஒன்று உப்பிச் சுருங்கி, அழுத்தம் ஒரே இடத்தில் நிற்காமல் மாற்றிக்கொண்டே இருக்கும். மெத்தை போட்டாயிற்று, இனிப் படுக்கைப்புண் வராது என்று புரட்டிப்போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். வந்துவிடும், தாயி. மெத்தை இருந்தாலும் புரட்டிப்போட வேண்டும், குதிகாலையும் வாலெலும்பையும் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் மெத்தை தட்டையாகிவிடும், அப்போது மறக்காமல் பார்க்க வேண்டும். இதை மெத்தை விற்கிறவர் சொல்வதில்லை.

அதனால் இந்த அறக்கட்டளைக்காரர்களுக்கு ஒரு யோசனை. ஆண்டுக்கொரு சொற்பொழிவு வைப்பதோடு, மல்லாங்கிணற்றில் ஒரு அறையில் நோயாளிப் பராமரிப்புப் பொருள்களை வாங்கி வையுங்கள். இரண்டு காற்று மெத்தை, தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில், கழிப்பறை நாற்காலி, வாக்கர், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஒன்று, வழுக்கும் விரிப்பு நாலைந்து, சர்க்கரைக்காரர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு எல்லா அளவிலும். தேவைப்பட்டவர் வாங்கிப்போய் வேலை முடிந்ததும் திருப்பித் தரட்டும். கான்சென்ட்ரேட்டரின் வடிகட்டியை வாராவாரம் கழுவ வேண்டும், இந்தத் தூசிக்கு அது கட்டாயம். அதற்கும், கம்ப்ரசர் சத்தம் மாறினால் கண்டுபிடிக்கவும் ஐ.டி.ஐ. படித்த உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கு மதுரையிலோ விருதுநகர் மருத்துவக் கல்லூரியிலோ பயிற்சி ஏற்பாடு செய்து, மாதச் சம்பளமும் கொடுங்கள். வாங்குகிற செலவில் ஐந்தில் ஒரு பங்கைப் பழுதுபார்க்க என்று தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், அதைத் தொடக்கூடாது. ஒவ்வொரு பொருளும் வீட்டுக்குப் போகும்போது ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் கூடவே போய், வீட்டுப் பெண்களுக்குச் செய்து காட்டிவிட்டு வர வேண்டும். அந்த வேலைக்கு அடுத்த மாதம் முதல் நான் வருகிறேன், பஸ் கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும். அறையின் சாவி மட்டும் அலுவலக நேரத்தோடு பூட்டிப் போகிறவர் கையில் இருக்க வேண்டாம். ராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவர் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்னால் நிற்கிறவர்கள் முதலில்.